ஏமாந்தாலும் ஒரு நேர்த்தி வேணும்ல!

ஏல பேராண்டி, வா, இந்தத் திண்ணையில இரு. அந்த லேப்டாப்பை மூடி ஓரமா வையி. குலசை அம்மன் கோயில் தசராவுக்கு வேசம் கட்டுதவன் எல்லாம் மாலையைப் போட்டு விரதம் புடிச்சாச்சு. நீ என்னடான்னா இந்தக் காமிராவா அந்தக் காமிராவான்னு இன்னும் கட்டம் போட்டுக்கிட்டு இருக்க. ஒன் கல்யாணத்துக்கே பத்துப் பொருத்தம்தாம்ல பாத்தோம். சட்டைப் பையில போடுத ஒரு சின்னக் காமிராவுக்கு முப்பது கட்டமா?

நான் உடன்குடி பஜார்ல ஸ்டூடியோ வச்சு, இருட்டறையில படம் கழுவி, அந்த வருமானத்துல ஒங்கப்பனைப் படிக்க வச்சவன். அதனால சொல்லுதேன். காமிரா வாங்கப் போற எல்லாவனும் ஏமாறத்தான் செய்யுதான். அதுல குத்தம் ஒண்ணும் இல்ல. ஆனா நீ படிச்ச பிள்ள, என்ஜினியர்னு பேரு வேற. படிக்காதவன் மாதிரி கண்டபடி ஏமாறலாமா? ஏமாந்தாலும் மொறையா, நேர்த்தியா ஏமாறணும். அதுக்கு வழி இருக்கு. கேட்டுக்க.

மொதல்ல மெகாபிக்சல். பெட்டிமேல எந்த நம்பர் பெருசா அச்சடிச்சிருக்கோ அதையே நம்பு. 20 பெருசா 12 பெருசான்னு கேட்டா ஒண்ணாங்கிளாஸ் பயகூடச் சொல்லிருவான். கணக்கு மட்டும் போட்டுராத. போட்டா யாவாரம் படுத்துரும். பாரு, நம்ம கடையில நாலுக்கு ஆறுன்னு போடுவோம்லா, அந்த பிரிண்டை அங்குலத்துக்கு 300 புள்ளின்னு ஒசத்தியாப் போட்டாக்கூட 1800க்கு 1200தான். மொத்தம் 21 லட்சத்து 60 ஆயிரம் புள்ளி. ரெண்டு மெகாபிக்சல்லயே சோலி முடிஞ்சுது. வீட்டு டிவி 4கேன்னு பீத்திக்கிடுதியே, அதுல இருக்கது 83 லட்சம் புள்ளிதான். மிச்சப் புள்ளியெல்லாம் படத்தை வெட்டிச் சுருக்கவும், செவத்தளவு பெருசாப் போடவும் ஒதவும். நீ எந்தச் செவத்துல மாட்டப் போற? வாடகை வீட்டுல ஆணி அடிக்கவே விடமாட்டான்.

12லருந்து 24க்குப் போனா நுணுக்கம் ரெட்டிப்பாயிரும்னு நெனப்ப. ஆகாது. கூடுன புள்ளியை நீளத்துக்கும் அகலத்துக்கும் பங்கு வச்சுப் பாரு. ஒவ்வொரு பக்கத்துலயும் 1.4 மடங்குதான் தேறும். நெசமாவே ரெட்டிப்பு வேணும்னா 48 வரைக்கும் போகணும்.

அந்தப் புள்ளியோட யோக்கியதையையும் கேளு. ஒரு புள்ளிக்கு ஒரு நெறந்தான் தெரியும். கோடாக் கம்பெனியில பிரைஸ் பேயர்னு ஒருத்தர் இருந்தார். காமிராவுக்குள்ள படம் விழுத சென்சார்மேல பாதிப் புள்ளிக்குப் பச்சை, காலுக்குச் செவப்பு, காலுக்கு நீலம்னு வடிகட்டி போடுத வித்தைக்கு 1976ல பேட்டன்ட் கெடச்சுது. இன்னைக்கும் அநேகக் காமிராவுல அந்த வித்தைதான் ஓடுது. பச்சைப் புள்ளிக்குச் செவப்பும் நீலமும் தெரியாது. பக்கத்துப் புள்ளிகிட்ட விசாரிச்சு, ‘இப்படித்தான் இருந்திருக்கும்’னு காமிராவே நெரப்பிக்கிடும். ஆக ஒன் 20 மெகாபிக்சல் படத்துல நெறக் கணக்குல மூணுல ரெண்டு பங்கு யூகம். ரொம்ப நல்ல யூகம்தான், நான் இல்லங்கல. ஆனா காசு குடுக்கும்போது இதை ஞாபகம் வச்சா ஏமாறுத சொகம் போயிரும்.

இன்னொரு சங்கதி. கேனான்காரன் 2008ல பவர்ஷாட் ஜி10னு ஒண்ணு விட்டான். 14.7 மெகாபிக்சல். அடுத்த வருசம் ஜி11 வந்துது. 18 இருக்கும்னுதான நெனைக்க? 10! சென்சார் அளவு அதேதான். வருசா வருசம் கூட்டிக்கிட்டே போன கை ஒரு நாள் தானாக் கொறைக்குன்னா, எங்கயோ சூடு பட்டிருக்குன்னு அர்த்தம். அதுக்கு முன்னாலயே, 2006ல, ஃபூஜிக்காரன் எஃப்30னு 6.3 மெகாபிக்சல்ல ஒரு சின்னப் பெட்டி விட்டான். இருட்டுல வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டுத ஐஎஸ்ஓ எண்ணு 3200 வரைக்கும் போகும். அந்தக் காலத்துல கூடுதல் மெகாபிக்சல்னு பீத்தின பல பெட்டி இருட்டுல அதுகூட நிக்க முடியாமத் திணறுச்சு.

ஏன்னு கேக்கியா? ஒரே வயல்ல நீ 10 ஆயிரம் நாத்து நடு, 20 ஆயிரம் நாத்து நடு, பெய்யுத மழை அதே மழைதான். நெருக்கி நட்டா எண்ணிக்கை கூடும், கதிரு ஒடுங்கும், கண்டுமுதல் கூடாது. சென்சார்னா அந்த வயலு, வெளிச்சம்னா மழை. அதுக்காக நாத்து கூடுனாலே வெள்ளாமை போச்சுன்னும் சொல்ல மாட்டேன். ரெண்டு காமிராப் படத்தையும் ஒரே அளவு பிரிண்டாப் போட்டா ஏறக்குறைய ஒண்ணுபோலத்தான் இருக்கும். கூட வேணும்னா வயலைப் பெருசாக்கணும், இல்லன்னா மழை கூடுதலாப் பெய்யணும். வயலுன்னா சென்சாரோட பரப்பு. மழைன்னா லென்சோட வாய் எம்புட்டு அகலமாத் தெறக்குங்கது. மொத்த ஒப்பீடும் இந்த ரெண்டுலதான் அடங்கியிருக்கு. ஆனா பெட்டியில இந்த ரெண்டையும் பொடி எழுத்துல போட்டிருப்பான். நீயும் நாகரிகமாக் கண்டுக்காம விட்டுரு.

ரெண்டாவது பாடம், அங்குலம். ‘1 அங்குலச் சென்சார்’னு போட்டிருந்தா ஸ்கேலை எடுத்து அளந்துராத. அளந்தா மானம் போயிரும். ஒரு அங்குலம்னா 25.4 மில்லிமீட்டர். இந்த ஒரு அங்குலச் சென்சாரு 13.2க்கு 8.8. மூலைக்கு மூலை இழுத்துப் பிடிச்சாலும் 16ஐத் தாண்டாது. மிச்சம் எங்க போச்சு? அந்தக் காலத்து டிவி காமிராவுக்குள்ள கண்ணாடிக் குழாய் இருக்கும். அளவு சொன்னது அந்தக் குழாயோட வெளிச்சுத்து விட்டத்தை வச்சு. படம் விழுத எடம் அதுல மூணுல ரெண்டு பங்குதான். குழாய் செத்து எத்தனையோ காலம் ஆச்சு, அளவு மட்டும் இன்னும் உசிரோட நடமாடுது. நம்ம ஊர்க் கருப்பட்டிக் கடையில இப்படி எடை போட்டா மறுநாள் கடை தெறக்க முடியாது.

நீ பாத்து வச்சிருக்க அந்தச் சின்ன ஜூம் காமிராவுல 1/2.3ன்னு போட்டிருக்குலா, அது 6.2க்கு 4.6 மில்லிமீட்டர். 28 சதுர மில்லிமீட்டர் பரப்பு, ஒன் சுண்டுவெரல் நகத்துல பாதிகூட வராது. ஒரு அங்குலம்னு சொல்லுதது 116. ஃபூஜி எக்ஸ்100, ரிக்கோ ஜிஆர் மாதிரிப் பெட்டியில இருக்க ஏபிஎஸ்-சி சென்சாரு 368ன்னு வையி. ஒண்ணுக்கு ஒண்ணு நாலு மடங்கு, மூணு மடங்குன்னு ஏறுது. முப்பது கட்டம் போட்டியே, இந்த மூணு நம்பரும் எந்தக் கட்டத்துலல இருக்கு? ‘உடல் நெறம்: கறுப்பு, வெள்ளி’ங்கத மட்டும் மொத வரியில போட்டிருக்க.

நான் வச்சிருந்த ஆக்ஃபா கிளிக் 3 ஞாபகம் இருக்கா? பரண்ல கெடக்கே, ஆச்சி பழைய சாவியைப் போட்டு வச்சிருக்காளே, அதுதான். 120 ரோலு போட்டா 12 படம். ஒவ்வொரு நெகட்டிவும் 56க்கு 56 மில்லிமீட்டர். ஒன் ஜூம் காமிராச் சென்சாரு அதுல நூத்துக்கு மேல அடங்கும். அதனால என் பெட்டிதான் ஒசத்தின்னு சண்டைக்கு வரமாட்டேன். லென்சு சாதாரணம், மூலை மங்கும், மேகம் போட்டா படம் போச்சு. வயலு மட்டும் பெருசா இருந்து பிரயோசனம் இல்ல, கண்ணாடியும் நல்லா இருக்கணும்னு சொல்ல வந்தேன்.

மூணாவது, ஜூம். இதுலதான் எல்லாரும் ஆசையா ஏமாறுவாவ. 30 மடங்கு ஜூம்! குலசைக் கடக்கரையில பின்னால நின்னுக்கிட்டே சூரசம்ஹாரத்தைக் கிட்டத்துல எடுத்துரலாம்! பேஷ். பானசோனிக் டிஇசட்90னு 2017ல வந்த ஒண்ணையே எடுத்துக்கிடுவோம். 24லருந்து 720 மில்லிமீட்டர் வரைக்கும் போகும், 20 மெகாபிக்சல், சட்டைப் பையில அடங்கும். அருமையான பெட்டி, பகல்ல. லென்சு மூஞ்சியைச் சுத்தி 3.3-6.4ன்னு எழுதியிருக்கும். ஜூமை முழுசா நீட்டும்போது அந்த 6.4தான் ஒனக்குக் கெடைக்கும். அந்த எஃப் எண்ணு பெருசாக ஆக வாய் சுருங்குதுன்னு அர்த்தம்.

சோனி ஆர்எக்ஸ்100, 2012ல வந்தது, 1.8ல தெறக்கும். ரெண்டுக்கும் வெளிச்சத்துல 12 மடங்குக்கு மேல வித்தியாசம். சூரசம்ஹாரம் நடக்குதது ராத்திரி 12 மணி, ட்யூப் லைட்டும் சீரியல் செட்டும்தான் வெளிச்சம். 1.8ல செகண்டுல நூறுல ஒரு பங்கு நேரத்துல எடுக்க முடியுத படத்தை 6.4ல எடுக்க அரைக்கால் செகண்டு ஆகும். அரைக்கால் செகண்டு! தாரை தப்பட்டை அடிக்க அடிக்க காளி வேசக்காரன் ஆடுதான். அந்த நேரத்துக்குள்ள அவன் சூலம் இந்தப் பக்கத்துலருந்து அந்தப் பக்கம் போயிட்டு வந்துரும். ஒன் படத்துல கிரீடம் இருக்கும், ஆளு இருக்க மாட்டான். ஐஎஸ்ஓவை ஏத்தி இதைச் சமாளிக்கலாம்னு பாத்தா, அந்தச் சுண்டுவெரல் நகத்துச் சென்சாரு மணலை வாரி முகத்துல அடிச்ச மாதிரிப் புள்ளி புள்ளியாக் கக்கிரும்.

வெளிச்சம் இருந்தாலும் ஒரு சிக்கல். வாய் சுருங்கச் சுருங்க வெளிச்சம் ஓரத்துல மோதிப் பரவும், இது இயற்கை, எந்தக் கம்பெனிக்காரனாலயும் மாத்த முடியாது. 6.4ல ஒரு சின்ன ஒளிப்புள்ளி சென்சார்ல எட்டரை மைக்ரான் அகலத்துக்குப் பரவும். அந்தக் காமிராவோட ஒரு பிக்சல் அகலம் 1.2 மைக்ரான். ஒரு புள்ளி விழ வேண்டிய எடத்துல ஏழு பிக்சல் அகலத்துக்கு ஈசிக்கிட்டுக் கெடக்கும். 20 மெகாபிக்சலுக்குக் காசு வாங்கிட்டான். ஜூமை நீட்டுன ஒடனே பெரும்பங்கைத் திருப்பி வாங்கிக்கிடுதான். டிஜிட்டல் ஜூம்னு அதுக்கு மேலயும் ஒண்ணு இருக்கும். அது படத்தை வெட்டி ஊதிப் பெருசாக்குதது. நம்ம கடையில அதைச் சும்மாவே செஞ்சு குடுப்போம்.

ஆர்எக்ஸ்100காரனும் அரிச்சந்திரன் இல்ல, பாத்துக்க. 1.8ன்னு போட்ட அதே வரியில 4.9ன்னும் போட்டிருக்கும். அகலமா வச்சா 1.8. நூறு மில்லிமீட்டர் ஜூமுக்குப் போனா 4.9. ஏழு மடங்கு வெளிச்சம் போச்சு. அதனால கூட்டத்துக்குள்ள நாலு எட்டு முன்னால போயி எடுத்தா அது ஒண்ணாம் நம்பர் ஜூம். முட்டி இடிக்கும், கால்ல மிதி வாங்குவ, காளி வேசக்காரன்கிட்ட ஆசியும் கெடைக்கும். ரிக்கோ ஜிஆர் 3ல ஜூமே கெடையாது, 2.8 லென்சு, அம்புட்டுத்தான். ‘ஜூம் இல்லாத காமிராவுக்கு இம்புட்டு வெலையா’ன்னு கேட்ட பாரு, அந்தக் கேள்வியைக் கேக்கதுக்குத்தான் கம்பெனிக்காரன் காத்துக்கிட்டு இருக்கான். ஒன்னை அப்படியே தூக்கிட்டுப் போயி 30 மடங்கு பெட்டி முன்னால ஒக்கார வச்சிருவான்.

நாலாவது பாடம், ராத்திரி நீ செய்யுதது. மூக்கை மானிட்டர்ல ஒட்ட வச்சுக்கிட்டு, ரெண்டு காமிராப் படத்தையும் நூறு சதவீதத்துக்குப் பெருசாக்கி, ‘இதுல ஓரம் கொஞ்சம் மங்கல், அதுல நிழல்ல புள்ளி’ன்னு எழுதிக்கிட்டு இருக்க. 20 மெகாபிக்சல் படம் அகலத்துல 5472 புள்ளி. சாதாரண மானிட்டர்ல அங்குலத்துக்கு 96 புள்ளின்னு வச்சா 57 அங்குலம். நாலே முக்கால் அடி அகலப் படத்தை ஒரு முழம் எட்டத்துல நின்னு பாத்துக்கிட்டு இருக்க. சினிமாக் கொட்டகையில தெரைக்கு முன்னால போயி நின்னுக்கிட்டு ‘கதாநாயகி முகம் சரியில்ல’ங்கியே, வெளங்குமால? இதுல 40 மெகாபிக்சல் காமிராப் படத்தையும் அதே நூறு சதவீதத்துல வச்சு ஒப்பிட்டா, கூடுதல் பெருசாத் தெரியுத பாவத்துக்குப் பெரிய காமிராதான் தோத்துப் போகும். ஒப்பிடணும்னா ரெண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டு வந்துட்டுப் பாரு.

இன்னொண்ணு. ரெண்டு காமிராவுலயும் ஐஎஸ்ஓ 1600னு இருந்தா ரெண்டும் ஒண்ணுன்னு நெனைக்காத. அந்த எண்ணைத் தீர்மானிக்கதுல கம்பெனிக்காரனுக்குக் கொஞ்சம் எடம் குடுத்துத்தான் விதிமொறையே எழுதியிருக்கு. ஒருத்தன் 1600ல ஷட்டரைக் கூட நேரம் தெறந்து வச்சிருப்பான், இன்னொருத்தன் கொறச்சு. எண்ணைப் பாக்காத, ஷட்டர் எம்புட்டு நேரம் தெறந்திருந்துதுன்னு பாரு.

இருட்டுல எடுத்த படத்துல அந்த மணல் புள்ளி ரொம்பக் கொறச்சலா இருக்குன்னு ஒரு காமிராவுக்கு மார்க் அள்ளிப் போட்டிருக்க. அங்கதாம்ல விசயம் இருக்கு. எங்க காலத்துல நெகட்டிவ் மேல கூர் பென்சிலை வச்சு டச்சிங் பண்ணுவோம். முகத்துல பரு, சுருக்கம், அம்மைத் தழும்பு எல்லாத்தையும் பக்குவமா மறைப்போம். அளவு மிஞ்சிட்டா மாப்பிள்ளை முகம் மொழுக்கட்டையா ஆயிரும், ‘இது எம் மவன் இல்ல’ன்னு அவன் ஆத்தாளே சொல்லுவா. இன்னைக்கு அந்த டச்சிங்கைக் காமிரா தானாப் பண்ணுது, ஒன்னைக் கேக்காமலே. இருட்டுல வந்த புள்ளியைத் தேச்சு அழிக்கும்போது கூடவே தலைமுடி, கடக்கரை மணல், பட்டுச் சேலையில ஜரிகை எல்லாத்தையும் சேத்து மெழுகிரும். புள்ளி இல்லாத படம் நல்ல படம்னு எவன் சொன்னான்? கொஞ்சம் புள்ளியும் நெறைய முடியும் தெரிஞ்சா அது நேர்மையான காமிரா. நீ ஆரோட பக்கம்னு முடிவு பண்ணிக்க. ஒன் ஆச்சி மெழுகுத காமிரா பக்கம். ஒன் செல்போன்ல எடுத்த படத்தைப் பாத்துட்டு, ‘இந்தப் போனு நல்ல போனுடே, முகம் என்ன பளிச்சுன்னு இருக்கு’ன்னு ஒரு நாள் பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா.

அஞ்சாவது பாடம் இப்ப புதுசா வந்திருக்கு. ‘தாத்தா, பழைய சிசிடி சென்சார் காமிராவுலதான் கலர் உண்மையா வரும்’னு ஒங்க ஆபீஸ்ல ஒரு பிள்ள சொன்னான்னு சொன்னியே. 2005 வாக்குல வந்த பெட்டியெல்லாம் இப்ப தேடித் தேடி வாங்குதாவளாம். நல்லாருக்கு. 2010ல உலகத்துல 10 கோடிக்கு மேல இந்தச் சின்னக் காமிரா கம்பெனியிலருந்து வெளிய போச்சு. 2023ல அது 20 லட்சத்துக்கும் கீழ வந்துட்டு. செல்போன் வந்து மொத்தத்தையும் தின்னுட்டு. தூக்கிப் போட்டதையே இப்ப ஓடி ஓடி எடுக்காவ. கலரு சிசிடியில இல்ல பேராண்டி. வடிகட்டியிலயும், படத்தை உள்ளுக்குள்ள பக்குவம் பண்ணுத மொறையிலயும் இருக்கு. அந்தப் படத்துல ஒனக்குப் புடிச்சுப் போனது என்னன்னு நான் சொல்லுதேன். மூஞ்சிக்கு நேரா அடிக்க செனான் ஃபிளாஷ். முகம் வெளுத்து, பின்னால இருட்டு, கண்ணு செவந்து, எல்லாரும் திருட்டு முழி முழிச்சுக்கிட்டு! செல்போன்ல இருக்க எல்இடி வெளக்கு அந்த வேலையைச் செய்யாது. செனான் ஃபிளாஷ் கண்ணிமைக்குததுக்குள்ள அடிச்சு ஓஞ்சுரும், ஆட்டத்தையும் ஒறைய வச்சிரும். ஆனா மூணு நாலு மீட்டருக்கு மேல அது எட்டாது, முன்னால நிக்கவன் முதுகுதான் வெளுக்கும்.

வாங்குததுன்னா வாங்கு, ஆனா கார்டைக் கேட்டு வாங்கு. ஃபூஜி, ஒலிம்பஸ் பழைய பெட்டியில எக்ஸ்டி கார்டு, சோனியில மெமரி ஸ்டிக். பல பழைய பெட்டிக்கு 2 ஜிபிக்கு மேல எஸ்டி கார்டு போட்டா முழிக்கும். பேட்டரி ஊதியிருக்கான்னு தடவிப் பாரு. லென்சு மூக்கை நீட்டிச் சுருக்கும்போது தூசியை உள்ள இழுத்திருக்கும், வெள்ளைச் செவத்தை ஒரு படம் எடுத்துப் பாத்தா கறுப்புப் பொட்டா நிக்கும். நம்ம ஊர்த் தேரிச் செம்மண்ணு இருக்கே, அது புதுப் பெட்டியையே விடாது.

இம்புட்டும் கேட்டுட்டு, ‘அப்ப செல்போனே போதுமா தாத்தா’ன்னு கேக்கப் போற. போதும்னு சொன்னா ஒனக்கு வருத்தம், போதாதுன்னு சொன்னா ஒன் பொண்டாட்டிக்கு வருத்தம். உள்ளதைச் சொல்லுதேன். சில செல்போன்ல அந்த ஒரு அங்குலச் சென்சாரையே வச்சுட்டான். அதுக்கு மேல, செல்போன் ஒரு படம் எடுக்காது, ஒரே மூச்சுல பல படம் எடுத்துக் கோத்து ஒண்ணாக்கும். அசையாம இருக்க கோயில் கோபுரத்தை ராத்திரியில எடுத்தா பட்டப்பகல் மாதிரிக் குடுக்கும். ராத்திரியில ஏம்ல பகலு வேணும்னு கேட்டா அதுகிட்ட பதில் இல்ல. ஆனா ஆடுத காளியை அந்த மொறையில எடு பாப்போம். ஏற்கெனவே எட்டுக் கை கட்டிக்கிட்டு நிக்கவனுக்கு ஒம்பதாவது, பத்தாவது கையும் மொளச்சிரும். சிவப்புச் சாயம் பூசின முகத்துல இன்னொரு வம்பு இருக்கு, இது எல்லாக் காமிராவுக்கும் பொது. செவப்பு மட்டும் நெறஞ்சு வழிஞ்சு, மூக்கு எது கன்னம் எதுன்னு தெரியாம ஒரே அப்பா அப்பிரும். எக்ஸ்போஸரைக் கொஞ்சம் மைனஸ்ல வச்சு எடு, மூக்கு திரும்பி வரும். இதை ஒன் அட்டவணையில எந்தக் கட்டமும் சொல்லித் தராது.

சரி, நேர்த்தியா ஏமாற வழி சொல்லியாச்சு. ஏமாறாம இருக்கவும் ஒரு வழி இருக்கு, ஆனா அதுல சுவாரசியம் கொறச்சல். சொல்லட்டுமா?

ஒரு மெமரி கார்டை எடுத்துக்கிட்டுக் கடைக்குப் போ. சாயந்திரம் போ. வாசல்ல வெளிச்சத்துல நின்னு எடுத்தா எல்லாக் காமிராவும் நல்ல காமிராதான். உள்ள போயி, அலமாரிக்குக் கீழ இருட்டு மூலையா ஒரு எடம் பாரு. கடைப் பையனை அங்க நிறுத்தி, கையை ஆட்டிக்கிட்டே பேசச் சொல்லு. மூணு காமிராவுலயும் அதே எடம், அதே அளவு முகம் வாரமாதிரி, ஆட்டோவுல வச்சு எடு. நீ எந்நாளும் ஆட்டோவுலதான் எடுக்கப் போற, என்கிட்ட ஆரும் நடிக்க வேண்டாம். பொத்தானை அமுக்குனதுக்கும் படம் விழுந்ததுக்கும் நடுவுல எம்புட்டு நேரம் முழிக்குன்னு பாரு. போகஸ் தப்புன படத்துல எத்தனை பிக்சல் இருந்தா என்ன, நாக்கு வழிக்கவா? ஜூம் காமிராவை ஒரு தடவை முழுசா நீட்டி எடு. பொறவு வீட்டுக்கு வந்து எல்லாத்தையும் நாலுக்கு ஆறு பிரிண்டு போடு, ஒண்ணை மட்டும் எட்டுக்குப் பன்னெண்டு போடு. எது எந்தக் காமிரான்னு பின்னால பென்சில்ல குறிச்சு வச்சுட்டு, காமிராவைப் பத்தி ஒண்ணும் தெரியாத நாலு பேருகிட்ட நீட்டு. அவிய கைகாட்டுதது ஒண்ணுபோல இருந்தா அதை வாங்கு. ஆளுக்கு ஒண்ணைக் காட்டுனா, வெலை கொறஞ்சதை வாங்கு.

பகல்ல பறவை, பள்ளிக்கூட ஓட்டப்பந்தயம், தூரத்துக் கப்பல்னு எடுக்கணும்னா சின்னச் சென்சார் ஜூம் பெட்டியைத் தாராளமா எடு, அதைப் பழிக்க எனக்கு ஆசை இல்ல. ராத்திரி, வீட்டுக்குள்ள தவழுத பிள்ள, தசரா ஆட்டம்னா சென்சாரு பெருசா, லென்சு வாய் அகலமா இருக்கதை எடு. ஜூம் இல்லையேன்னு அழாத, ஒனக்குக் காலு இருக்கு. காசு பத்தலன்னா அதே காமிராவுல ரெண்டு தலைமொறை முந்தினதை வாங்கு. ஆபீஸ்ல எல்லாரும் எக்ஸ்100 தோள்ல போட்டிருக்கான்னு அதுதான் வேணும்னா, அதையும் வாங்கு, நல்ல காமிராதான். ஆனா படத் தரத்துக்காக வாங்குனேன்னு என்கிட்ட வந்து சொல்லாத, தோளுக்காக வாங்குனேன்னு சொல்லு, நான் ஏத்துக்கிடுதேன். எடுத்த படம் எல்லாம் வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸுக்குத்தான்னா ஒண்ணும் வாங்க வேண்டாம். அதுல போட்ட ஒடனே எல்லாக் காமிராவையும் ஒரே மட்டத்துக்கு நசுக்கிரும், அப்படி ஒரு சமத்துவத்தை நான் எங்கயும் பாத்ததில்ல.

யோசனை சொன்னதுக்குக் கூலி இல்லையான்னு நீ கேக்க மாட்ட, நானே கேட்டுக்கிடுதேன். எந்தக் காமிரா வாங்குனாலும் மொதப் படம் ஆச்சியை எடு. ஜன்னல் பக்கத்துல ஒக்கார வச்சு எடு. அதை ரெண்டு பிரிண்டாப் போடு. ஒண்ணு முடி முடியா, சுருக்கம் சுருக்கமா, உள்ளது உள்ளபடி. அது எனக்கு. இன்னொண்ணு நல்லா மெழுகி, டச்சிங் பண்ணி, பளிச்சுன்னு. அது அவளுக்கு. அந்த ரெண்டையும் கையில குடுக்கும்போது மட்டும் ஜாக்கிரதைல. மாத்திக் குடுத்தியோ, ஒனக்குக் காமிராவும் கெடையாது, எனக்கு ராத்திரிக் கஞ்சியும் கெடையாது.